ஃபெரிட்டின் இறங்கிய பிறகும் வலிக்கும் விரல்கள்

ஹீமோகுரோமடோசிஸுக்குச் சிகிச்சை கேட்பதற்கு எளிது. பரம்பரைக் கோளாறால் குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சுகிறது, மிஞ்சியதை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. அதனால் ரத்தத்தை எடுத்துவிடுகிறோம். ஒருமுறை 450 முதல் 500 மி.லி. எடுத்தால் 200 முதல் 250 மி.கி. இரும்பு குறையும். பல கிராம் தேங்கியவருக்கு வாரம் ஒருமுறை எடுத்தாலும் மாதக்கணக்கில் ஆகும். உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ரத்தப் புரதமான ஃபெரிட்டின் 50-ஐத் தொட்டபின் ஆண்டுக்குச் சில முறை போதும்.

ரத்தம் எடுக்கும் அறையில் எங்கள் கண் அந்த எண்ணிலேயே இருக்கிறது. நோயாளிக்கோ சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் அடிமூட்டுகளில் தொடங்கும் வலி, இரும்பு குறைந்தபின்னும் பெரும்பாலும் விடுவதில்லை, சிலருக்குக் கூடவும் செய்யும். சோர்வு பலருக்குக் குறையும், தோலின் கருமை மங்கும். இரும்பு படிந்து வந்த முற்றிய ஈரல் சுருக்கமும் சர்க்கரை நோயும் பொதுவாக நீங்குவதில்லை. முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், எண் சரியான அன்று “அப்புறம் ஏன் இன்னும் வலிக்கிறது?” என்று கேட்பவர் சிகிச்சையையே கைவிட்டுவிடுவார்.

நடுவில் சோர்வு கூடினால் நோயை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. அளவுக்கு மீறி ரத்தம் எடுத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்; 12-க்குக் கீழே போனால் இடைவெளியைக் கூட்டுவதும், 11-க்குக் கீழே போனால் நிறுத்திவைப்பதும் நல்லது. ஊசி தடிமனானது. ஒரே இடத்தில் குத்தினால் தழும்பேறி நாளம் கிடைக்காமல் போகும், ஆகவே கையை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வருவதற்கு முன் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். எடுத்து முடித்ததும் சட்டென்று எழ விடாதீர்கள், மயக்கம் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

சர்க்கரை உள்ளவர்களிடம் ஒரு பொறி உண்டு. அடிக்கடி ரத்தம் எடுக்கும் காலத்தில் உடலில் இளம் சிவப்பணுக்களே அதிகம் என்பதால், சில மாதச் சராசரிச் சர்க்கரையைச் சிவப்பணுக்களை வைத்துச் சொல்லும் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடக் கூடாது. நேரடிச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

இந்த நோயால் வரக்கூடிய ஆண்மைக் குறைவை ஆண்கள் தாமாகச் சொல்வது அபூர்வம். நாம்தான் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு.

சாப்பாட்டில் பலர் தேவையில்லாமல் தங்களை வாட்டிக்கொள்கிறார்கள். இரும்பு மாத்திரை, வைட்டமின் சி மாத்திரை, மது, வேகவைக்காத சிப்பி ஆகியவற்றைத் தவிர்த்தால் பெரும்பாலும் போதும். கீரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஈரல் சுருக்கம் வந்தவர்கள் மட்டும் ஃபெரிட்டின் சரியானபின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேனை விடக் கூடாது, ஏனென்றால் புற்றுநோய் அபாயம் அவர்களுக்குத் தொடர்கிறது.

“பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டேனோ?” என்ற கவலை எந்த வலிக்கும் குறைந்ததல்ல. உடன்பிறந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம், பொதுவாக நான்கில் ஒன்று. வயதுவந்த உறவினர்களுக்கு ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது), தேவையானால் மரபணுவும் பார்த்துவிடலாம். சேதம் தொடங்குமுன் தெரிந்தால், அவர்களுக்கு இந்த விரல் வலியே வராமல் போகலாம்.