போர்க்கால இத்தாலிப் படங்கள்: எந்த ஊர், எந்தத் தெரு என்று கண்டுபிடிக்கும் வழி

பழைய பொருள் சந்தைகளிலும் ஏலங்களிலும் வாங்கும் கட்டுகளில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து இத்தாலியில் சிப்பாய்கள் எடுத்த படங்கள் நிறைய வரும். பின்பக்கம் பென்சிலில் 'இத்தாலி 1944' என்று இருந்தாலே பெரிது. 'ஃப்ளாரன்ஸ் மாதிரி இருக்கிறது' என்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. படம் எடுத்தவர் நின்ற இடத்தை வரைபடத்தில் புள்ளியாக வைக்க முடிந்தால்தான் அந்தப் படம் முடிந்தது.

முதலில் கட்டைக் கலைக்காதீர்கள். பிரிண்ட் போட்ட ஸ்டூடியோ பின்பக்கம் குத்திய எண் பல படங்களில் ஒன்றாக இருந்தால், அவை பெரும்பாலும் ஒரே ஃபிலிம் சுருளைச் சேர்ந்தவை. அதில் ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்றவை பக்கத்திலேயே கிடைக்கும். 6×9 செ.மீ. படங்களை 1200 டிபிஐ-யில், முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். ஷார்ப்பன் செய்யக் கூடாது, கடைப் பலகை எழுத்துகள் அதில்தான் சிதையும். தாளில் 'அக்ஃபா லூப்பெக்ஸ்' என்று இருந்தால் ஜெர்மன் தாள், 'ஃபெர்ரானியா' என்றால் இத்தாலியத் தாள். ஆனால் பிரிண்ட் போட்டது எங்கே என்பதற்குக்கூட அது அரைகுறைச் சாட்சிதான்.

அடுத்து, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதக்க ரிப்பன் சீருடையின் இடது மார்பில் இருக்க வேண்டும், ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். காரின் ஸ்டீயரிங்கை நம்பாதீர்கள். அந்தக் காலத்து இத்தாலிய லான்சியா கார்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் இருந்தது, வண்டி ஓடியது சாலையின் வலப்பக்கம் என்றாலும்.

பிறகு தரையைப் பார்ப்பேன். எல்லோரும் கோபுரத்தில் தொடங்குவார்கள், ஆனால் கோபுரங்கள் ஒன்றைப்போல ஒன்று இருந்து ஏமாற்றும். சுமார் 12 செ.மீ. பக்கமுள்ள சின்னக் கருங்கல் கட்டிகள் பாவியிருந்தால் முதலில் ரோமை நினைக்கலாம். பெரிய கறுப்பு எரிமலைக்கல் பலகை என்றால் நேப்பிள்ஸ், ஆனால் எட்னா அடிவாரத்துக் கத்தானியாவிலும் அதே வகை உண்டு. உருண்டைக் கூழாங்கல் பாவிய தெருவின் நடுவே, வண்டிச் சக்கரம் ஓட இரண்டு கிரானைட் பட்டைகள் நீளமாகப் போனால் மிலானும் அதைச் சுற்றிய வடக்கு ஊர்களும். சாக்கடை மூடியில் ரோம் நகரின் சின்னமான 'எஸ்.பி.க்யூ.ஆர்.' (SPQR) எழுத்துகள் தெரிந்தால் ரோம் உறுதி.

தரையிலிருந்து மேலே வந்தால் கம்பிகள். தண்டவாளமும் மேலே ஒற்றைக் கம்பியும் என்றால் டிராம். தண்டவாளம் இல்லாமல் இரட்டைக் கம்பி என்றால் டிராலிபஸ். வண்டி எண் பலகையில் மாகாணத்துக்கு இரண்டு எழுத்து, ரோமுக்கு மட்டும் முழுப் பெயர். ஒரு வண்டி எங்கிருந்தும் வந்திருக்கலாம், அருகருகே நிற்கும் நான்கு வண்டிகளில் ஒரே எழுத்து என்றால்தான் நம்பலாம். சுவரில் பெரிதாக 'யு.எஸ்.' என்று இருந்தால் அமெரிக்கர்கள் எழுதியது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது வான்தாக்குதல் பதுங்கிடத்தின் அவசர வெளிவழிக்கான குறி. பதுங்கிடத்துக்கு 'ஆர்', தீயணைப்புக் குழாய்க்கு 'ஐ'. தெருப்பலகை 'வியா ரோமா' (ரோம் தெரு) என்றால் எந்தப் பயனும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பெயரில் ஒரு தெரு இருக்க வேண்டும் என்று 1931-இல் முசோலினி அரசே உத்தரவிட்டது.

ராணுவ வண்டிகளின் டிவிஷன் சின்னத்தையும் விடாதீர்கள். சிவப்புக் கழுகு இருந்தால் 4-வது இந்திய டிவிஷன்; அது 1944 பிப்ரவரி, மார்ச்சில் ரோமுக்குத் தெற்கே கசினோ என்ற ஊரின் போர்க்களத்தில் இருந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் 12-வது ஃபீல்ட் கம்பெனி அந்த டிவிஷனில்தான் இருந்தது. அதனால் தமிழ்க் குடும்பங்களின் பழைய ஆல்பங்களிலும் இத்தாலிப் படங்கள் இருக்க வாய்ப்புண்டு.

மிக அதிகமாகக் குழப்புவது 'ஆறும் உடைந்த பாலமும்' படங்கள். ஃப்ளாரன்ஸ், பீசா இரண்டிலும் ஓடுவது ஆர்னோதான், இரண்டிலும் கரையோர மாளிகைகள், இரண்டிலும் பாலங்கள் தகர்ந்தன. பீசாவில் ஆறு மெதுவாக வளையும், வீடுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே சாலை போகும், தென்கரையில் கூர்முனைகள் நிறைந்த சின்னஞ்சிறு சாந்தா மரியா தெல்லா ஸ்பீனா தேவாலயம் நிற்கும். போந்தே வெக்கியோ என்ற பழைய பாலத்துக்கு மேற்கே, தென்கரையில் வீடுகள் தண்ணீரிலிருந்தே எழுந்து நின்றால் அது ஃப்ளாரன்ஸ். 1944 ஆகஸ்ட் 3 இரவில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் அங்கே போந்தே வெக்கியோவைத் தவிர எல்லாப் பாலங்களையும் வெடிவைத்தார்கள். கூர்முனை கொண்ட இரண்டு தூண்கள் மிஞ்சி, அவற்றின் மேல் பெய்லி பாலம் (ராணுவம் துண்டுகளைப் பூட்டிப் போடும் தற்காலிக இரும்புப் பாலம்) இருந்தால் அது சாந்தா திரினிதா பாலம், காலம் 1944 ஆகஸ்டுக்குப் பிறகு. போந்தே வெக்கியோவின் இரு முனைகளிலும் இருந்த தெருக்களும் அன்றே இடிக்கப்பட்டதால், அங்கே எடுத்த படம் இன்றைய கூகுள் ஸ்ட்ரீட் வியூவோடு பொருந்தாது. 1930-களின் தபால் அட்டைகளோடு ஒப்பிடுங்கள்.

நேப்பிள்ஸுக்குக் காலம் சொல்வது பக்கத்திலுள்ள வெசூவியஸ் எரிமலை. நேச நாட்டுப் படை 1943 அக்டோபர் 1-இல் நகருக்குள் வந்தது. எரிமலை 1944 மார்ச் 18-இல் வெடித்தது, அதற்குப் பிறகு உச்சியில் வழக்கமான புகை இல்லை. அமெரிக்க ஜீப்பும் மெல்லிய புகையும் ஒரே படத்தில் இருந்தால் இந்த ஐந்தரை மாதத்துக்குள் எடுத்தது.

கடைசியாகப் புள்ளி வைப்பது. அருகே ஒரு கட்டட மூலை, தூரத்தில் அதற்கு நேர்மேலே தெரியும் ஒரு மணிக்கோபுரம். இந்த இரண்டையும் வரைபடத்தில் இணைத்துக் கோட்டை நம் பக்கம் நீட்டுங்கள். இன்னொரு ஜோடிக்கும் அப்படியே. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் கேமரா இருந்தது. பிரிண்டின் ஓரத்தை வெட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஜன்னல் வரிசைகளின் சரிவுக் கோடுகள் எந்த உயரத்தில் கூடுகின்றனவோ அதுவே கேமராவின் உயரம். இரண்டாம் மாடி மட்டத்தில் கூடினால் பால்கனியிலிருந்து எடுத்தது. கட்டடங்களை ஒப்பிடும்போது கீழ்த்தளத்தை விட்டுவிடுங்கள், கடைகள் மாறிக்கொண்டே இருக்கும். மேல்தளக் கார்னிஸ் (கூரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு), ஜன்னல்களின் எண்ணிக்கை, புகைபோக்கிகளின் இடம் ஆகியவைதான் நிலைத்திருக்கும். ரோமுக்கு கூகுள் எர்த்தில் 1943 வான்படங்கள் இருப்பதால், பின்னால் இடிந்துபோன கட்டடத்தையும் அதில் தேடலாம்.

முடிவை எழுதும்போது கேமரா இடம், பார்த்த திசை, எந்த ஜோடிகளை வைத்துக் கோடு போட்டீர்கள் என்ற மூன்றையும் ஸ்கேன் கோப்போடு சேர்த்து வையுங்கள். அசல் பிரிண்டின் பின்பக்கத்தில் பேனாவால் எதையும் எழுத வேண்டாம்.