ஐந்து கிரவுண்டில் தொலைந்த இரண்டரை அடி

பெரிய வளாகங்களுக்கு மாஸ்டர்பிளான் போட்டிருக்கிறேன், ஆராய்ச்சிக்கூடங்கள் கட்டியிருக்கிறேன், ஆஸ்பத்திரிகள் ஏழெட்டு இருக்கும். 22 வருட அனுபவம். அத்தனையும் பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஐந்து கிரவுண்டு மனையில் வந்து மாட்டிக்கொண்டது.

டாக்டரம்மா கேட்டது சின்ன ஆஸ்பத்திரி, கூடவே காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு ஒரு லேப். லேபுக்கு மட்டுமே ஒரு மாதம் வரைந்தேன். உள்ளே இருக்கும் காற்று வராந்தாவுக்கு வந்துவிடக் கூடாது, வராந்தாக் காற்றுதான் உள்ளே போக வேண்டும். நடுவில் இரண்டு கதவுள்ள சிற்றறை, ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். உயரத்தையும் 18.30 மீட்டருக்குள் நிறுத்தினேன். தாண்டினால் உயர்மாடிக் கட்டடம் என்று கணக்கே மாறிவிடும். சி.டி. ஸ்கேன் அறைக்கு, கதிர்வீச்சுக் கருவிகளுக்கு அனுமதி தரும் ஈலோரா இணையதளத்தில் விண்ணப்பித்தது சுலபமாகவே முடிந்தது.

சனியன் மனைக் காகிதத்தில் இருந்தது. "சார், பத்திரத்துல இருக்கறது பழைய சர்வே நம்பர். இப்போ பிளாக் நம்பர், டி.எஸ். நம்பர், அதாவது டவுன் சர்வே நம்பர்தான். ரெண்டும் ஒண்ணுதான்னு சான்று எங்க?" என்றார் கட்டட அனுமதி அலுவலக எழுத்தர். சரி, அதை வாங்கப் போனால் சீட்டில் ஆள் இல்லை, 'ஃபீல்டு' போயிருக்கிறாராம். மூன்று மணிவரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். நான்காவது நடையில் சான்று கிடைத்தது, கூடவே அடுத்த குண்டும்: பரப்பளவு ஒத்துவரவில்லை.

பத்திரத்தில் 12,000 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 1,115 சதுர மீட்டர். சர்வேயரை வைத்து அளந்தால் 1,081தான். பக்கத்து வீட்டுச் சுவர், 45 மீட்டர் நீளத்துக்கும் இரண்டரை அடி நம் பக்கம் நிற்கிறது. "எங்க தாத்தா கட்டுன சுவரு தம்பி" என்றார் அந்தப் பெரியவர். கோர்ட்டுக்குப் போனால் என் ஓய்வுக்குள் ஆஸ்பத்திரி வராது.

பத்திரம், நில ஆவணம், இடத்தில் உள்ள அளவு மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. அது 2 என்றால் 34 சதுர மீட்டர் போனதில் கட்டடத்தில் 68 சதுர மீட்டர் காலி. கிட்டத்தட்ட என் லேப்! காசு கட்டிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாமே என்பீர்கள். அது தெருவின் அகலத்தைப் பார்த்துக் கிடைப்பது. எங்கள் தெருவில் இரண்டு மீன்பாடி வண்டி எதிரெதிரே வந்தாலே சண்டை.

எனக்குத் தெரியாததா இது? இளையவர்களுக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். வரைபடத்தில் முதல் கோடு போடும் முன்பே மனையை அளந்துவிடுங்கள், பழைய எண்ணுக்குப் புதிய எண் ஒப்பீட்டுச் சான்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். பழைய சென்னை மனை என்றால் கண்டிப்பாக.

லேபைச் சுருக்க நான் ஒப்பவில்லை. ஸ்ட்ரெச்சர் திரும்பும் வராந்தாவிலும் கை வைக்க முடியாது. கடைசியில் டாக்டரம்மாவே தன் அறையைப் பாதியாக்கி, மீட்டிங் ஹாலையும் விட்டுக்கொடுத்தார். போன வாரம் அனுமதி வந்தது.

சுவருக்காரர் நேற்று வந்தார். சர்க்கரை டெஸ்ட் எப்போதிலிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.