கட்டிக்கிடக்கும் படகில் கரண்டைக் குடிப்பது யார்?

"பேட்டரி நிக்கவே மாட்டேங்குது" என்று படகுக்காரர் சொன்னால் அதற்குள் மூன்று புகார்கள் இருக்கலாம். ஏதோ ஒன்று கரண்டை இழுக்கலாம். பேட்டரிக்கு ஒழுங்காகச் சார்ஜ் ஏறாமலே இருக்கலாம். ஏறியதைப் பிடித்து வைக்கப் பேட்டரிக்குத் தெம்பில்லாமலும் போயிருக்கலாம். சொல்பவருக்கு மூன்றும் ஒன்றுதான்: சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், இன்ஜின் சுற்றாது. அதைச் சரிசெய்யப் போகிற என்னைப் போன்றவனுக்கு அப்படியில்லை. படகு முழுக்கப் பலகையைத் தூக்கித் தூக்கி ஒயரைத் தேடி அலுத்துப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் பல இடங்களில் படகு எதையும் குடிக்கவில்லை. பேட்டரி செத்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால் ஒயரைத் தொடுவதற்கு முன் பேட்டரியைத் தனியே விட்டுவிடுவேன். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, இரண்டு டெர்மினலையும் கழற்றி, ஒரு ராத்திரி அப்படியே வைத்துவிடுவது. சார்ஜர் எடுத்த கையோடு அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேலேகூடக் காட்டும். மேலாப்பில் நிற்கிற அந்தச் சார்ஜை நம்பக் கூடாது. சில மணி நேரம் ஓய்ந்தபின் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி 12.6, 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 11.8-க்கு வந்துவிட்டால் ஒன்றுமில்லை. எதுவுமே மாட்டாத பேட்டரி ஒரே ராத்திரியில் 12.7-லிருந்து 12.3-க்கு இறங்கினால் திருடன் பெட்டிக்குள்ளேயே இருக்கிறான். மூடி திறக்கிற வகையாக இருந்தால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து செல் 1.260 பக்கம் நிற்க, ஆறாவது மட்டும் 1.180-ல் கிடந்தால் அதற்குமேல் பேச்சே இல்லை. இரண்டு பேட்டரியை இணையாகக் கட்டியிருந்தால் இதில் இன்னொரு வம்பு உண்டு: கெட்டது நல்லதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பழசோடு புதுசைச் சேர்த்துக் கட்டிவிட்டு, "புதுசு போட்டும் நிக்கலை" என்று வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இதோடு ஒரு சின்னச் சோதனை. மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை நெகடிவ் டெர்மினலிலும் சிவப்பு முனையைப் பேட்டரியின் மேல் மூடியிலும் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக்தானே, அங்கே வோல்ட் எங்கிருந்து வரும்? வரும். உப்புக்காற்றின் ஈரமும் ஆசிட் ஆவியும் அழுக்கோடு சேர்ந்து ஒரு பிசுபிசுப்பான படலமாகப் படிந்திருக்கும். அதன் வழியே இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் கரண்ட் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கும். மூடிகளை இறுக்கிவிட்டு, சோடா உப்புக் கரைசலால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட்டால் போதும். பலரும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். துடைத்த பிறகு மீட்டரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

சார்ஜ் ஏறாத கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இன்ஜின் ஓடும்போது, அதோடு சுற்றிச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் முதுகில் 14.3 வோல்ட் இருந்து, பேட்டரியில் 13.6 மட்டும் வந்தால் வழியில் எங்கோ விழுகிறது. சார்ஜை இரண்டு பேட்டரிக்குப் பிரித்துவிடுகிற பழைய டயோடு வகை ஐசோலேட்டர் ஒன்று நடுவில் இருந்தால் அதுவே 0.6, 0.7 வோல்ட்டை விழுங்கும். கேபிள் நுனி பச்சை பூத்திருந்தாலும் இதே கதிதான். எல்லாம் சரியாக இருந்தும் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து கட்டுகிற படகுக்குப் பேட்டரி நிறையாது. கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்காகும். லெட்-ஆசிட்டின் குணம் அது.

இவ்வளவும் பார்த்தபிறகுதான் உண்மையான தேடல். இங்கே எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் மெயின் ஸ்விட்ச். "மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போறேன்" என்பார்கள், உண்மைதான். ஆனால் மெயினுக்கு முன்னாலேயே, நேராகப் பேட்டரி டெர்மினலில், எத்தனை ஒயர் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். படகின் அடியில் (பில்ஜ்) சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற பில்ஜ் பம்ப், கேஸ் அலாரம், பாட்டுப் பெட்டியின் நினைவு ஒயர், பேட்டரி மானிட்டர், சோலார் கன்ட்ரோலர், திருட்டுக்குப் பயந்து வைத்த டிராக்கர். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் காரணத்தோடுதான் மாட்டியிருப்பார். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தவர் மட்டும் யாருமில்லை.

கணக்கு எளிது. 50 மில்லி ஆம்பியர் என்றால் கண்ணுக்கே தெரியாத கரண்ட். ஆனால் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 36. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், ஆறு வாரத்தில் வரம்பைத் தொட்டுவிடும். சும்மா இருந்தாலே பேட்டரி தன்னால் இறங்குவதையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். வாரம் ஒருமுறை படகை எடுக்கிறவருக்கு இந்த 50 மில்லி ஆம்பியர் இருப்பதே தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு அதுவே தலைவலி. அதனால் "எவ்வளவு இழுக்குது?" என்பதோடு "எத்தனை நாளைக்கு ஒருதடவை வருவீங்க?" என்றும் கேட்டுவிடுவேன்.

அளக்கிற முறையில் அவசரம் ஆகாது. நெகடிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணைக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்பே ஒரு தடித்த ஒயரால் இரண்டையும் பாலம் போட்டுவிட்டு, மீட்டரை மாட்டியபின் பாலத்தை எடுப்பது என் வழக்கம். கரண்ட் ஒரு நொடி அறுந்து திரும்ப வந்தால் தூங்குகிற கருவியெல்லாம் விழித்துக்கொண்டு வேறு கணக்குக் காட்டும். பேட்டரிப் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரியில் ஹைட்ரஜன் இருக்கும், பொறி பட்டால் விளையாட்டில்லை. மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுத்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கிளாம்ப் மீட்டர் வைத்திருந்தால் அது டிசி அளக்கிற வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கரண்டை அது சரியாகக் காட்டாது. ஒயரில் நீளம் இருந்தால் அதன் வாய்க்குள் ஐந்து சுற்றுச் சுற்றி, வந்த எண்ணை ஐந்தால் வகுத்துவிடலாம்.

பிறகு ஒவ்வொரு ஃபியூஸாக. பிடுங்கிப் பிடுங்கி மாட்டுவதைவிட, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஃபியூஸின் இரண்டு முனையையும் தொடுவது மேல். கரண்ட் ஓடுகிற ஃபியூஸில் மட்டும் ஓர் எண் தெரியும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஃபியூஸில் எதுவும் அகப்படாவிட்டால் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்துப் பார்ப்பேன். கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய டயோடு ஒன்று உள்ளே கசிந்தால் நின்ற இன்ஜினும் பேட்டரியைக் குடிக்கும்.

இதெல்லாம் ஒரே சீராக ஓடுகிற கரண்டுக்குத்தான். வந்து வந்து போகிறதற்கு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஒரு படகில் மீட்டர் வெறும் 15 மில்லி ஆம்பியரில் அசையாமல் நின்றது. அது கேஸ் அலாரத்துக்கே சரியாகப் போய்விடும். உரிமையாளர் பொறுமை இழந்துவிட்டார்.

"தம்பி, இதுல ஒண்ணும் இல்லையே, பேட்டரியையே மாத்திடலாமா?"

"கொஞ்சம் இருங்கண்ணே" என்று அப்படியே விட்டுவைத்தேன். திடீரென்று எண் 3 ஆம்பியருக்குத் தாவியது. அடியில் 'உர்ர்' என்று பம்ப் ஓடி, பத்து நொடியில் நின்றது. சுமார் மூன்று நிமிடம் கழித்து மறுபடியும். பலகையைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிட்டது. பம்ப் தண்ணீரை மேலே தள்ளும். அதை இயக்குகிற மிதவை ஸ்விட்ச் இறங்கியதும் நிற்கும். வெளியே போய்ச் சேராமல் நீளமான ஹோஸுக்குள் நின்ற தண்ணீர் திரும்பிக் கீழே வரும், மிதவை எழும், பம்ப் மறுபடி ஓடும். அதே தண்ணீர்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடத்துக்குப் பத்து நொடி என்றால் ஒரு நாளைக்கு 4 ஆம்பியர்-மணி. பாட்டுப் பெட்டியும் அலாரமும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

"அப்போ பம்ப்பை மெயினோட சேர்த்துடு, ஆஃப் பண்ணிட்டுப் போயிடறேன்" என்றார் அண்ணன். அதை மட்டும் செய்ய மாட்டேன் என்றேன். ஆளில்லாத படகில் விழித்திருக்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று இருந்தால் அது பில்ஜ் பம்ப். அது தனி ஃபியூஸோடு மெயினுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பேட்டரி இறங்கினால் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். படகு இறங்கினால்? ஹோஸை நேராக்கி நீளம் குறைத்து, மிதவையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தோம். திரும்பும் தண்ணீரைத் தடுக்க வால்வு போடலாமே என்று கேட்பார்கள். குப்பை சிக்கினால் அந்த வால்வே பம்ப்பை அடைத்துவிடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. புரொப்பல்லரைச் சுற்றுகிற ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் தண்ணீரை அடைக்கிற கிளாண்டில், படகு நிற்கும்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் திணித்திருக்கிற பேக்கிங்கை மாற்றியபின்தான் வேலை முடிந்தது.

சோலார் பேனல் ஒன்று வைத்துவிட்டால் போதாதா என்றும் கேட்கலாம். 20 வாட் பேனல் நல்ல வெயிலில் இந்த இழப்பை எல்லாம் ஈடுகட்டிவிடும், அதுதான் எனக்குப் பிடிக்காததும். கசிவு மறைந்து கிடக்கும். தொடர்ந்து நாலு நாள் மேகம் மூடினால்தான் தெரியும். கசிவை அடைத்தபிறகு பேனல் வையுங்கள், நானே மாட்டித் தருகிறேன்.

காரில் நான் கண்டுகொள்ளாத சில மில்லி ஆம்பியர்களைப் படகில் விடுவதில்லை. பில்ஜ் தண்ணீருக்குள் கிடக்கிற ஒரு பாசிட்டிவ் இணைப்பு, வெறும் டேப் சுற்றியது, கொஞ்சம்தான் கசியும். பேட்டரி அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் கரண்ட் தண்ணீர் வழியாக ஷாஃப்ட்டையும் புரொப்பல்லரையும் அடிப்பகுதி வால்வுகளையும் தேடிப் போய் உலோகத்தை அரிக்கும். மற்ற உலோகத்துக்குப் பதிலாக அரிபடட்டும் என்று மாட்டுகிற துத்தநாகக் கட்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கரைந்தால் இதையும் சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்ட இணைப்பை வெட்டி, ஒயரின் தோலைச் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும். சில சமயம் ஒரு சாண் தூரம் உள்ளேயும் கறுப்பு போயிருக்கும். பளபளக்கிற செம்பு வரும்வரை வெட்டி, வெள்ளீயம் பூசிய ஒயரை வைத்து, இணைப்பை நசுக்கி இறுக்கி (கிரிம்ப்), உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயைப் போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டிவிடுவேன்.

கிளம்புவதற்கு முன் பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் மார்க்கரால் எழுதி வைப்பேன்: மெயின் ஆஃபில் எத்தனை மில்லி ஆம்பியர், எந்தெந்தப் பொருள் எவ்வளவு எடுக்கிறது, தேதி. அடுத்து மீட்டரோடு வருகிறவர் நானோ வேறு யாரோ, எண் கூடியிருக்கிறதா என்று முதலில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.