ஊசி குத்திய அன்று நியமனக் கடிதம் கேட்டார்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் வைத்தியசாலை ஒன்றில், ஒப்பந்த நிறுவனம் ஊடாகத் துப்புரவுப் பணிக்கு எடுக்கப்பட்ட பெண்களில் நானும் ஒருத்தி. எங்களுக்கு நியமனக் கடிதம் கிடையாது, நாட்சம்பளம்தான். வைத்தியசாலையின் ஆளணிப் பட்டியலில் எங்கள் பெயர்கள் இல்லை. வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்ததை எல்லோரும் அறிவோம். வேலை நிரந்தரமாகும்வரை அந்த வேலையில் ஏற்படும் காயத்துக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு ஊசி குத்திய பின்னர் இந்தக் கேள்வியோடுதான் பல கதவுகளைத் தட்டினேன். எந்தக் கதவு எதற்கு என்று முன்பே தெரிந்திருந்தால் அலைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

காலையில் விடுதிகளின் (வார்டுகளின்) குப்பைப் பைகளை எடுத்துச் சென்று பின்புறத்தில் சேர்ப்பது என் வேலை. பைகளின் நிறங்கள் எங்களுக்கு நன்றாகத் தெரியும். தொற்றுள்ள கழிவு மஞ்சளுக்கும், சாதாரணக் குப்பை கறுப்புக்கும், உணவுக் கழிவு பச்சைக்கும் போக வேண்டும். ஊசியும் பிளேடும் சிவப்புக் கோடிட்ட மஞ்சள் பெட்டிக்குள் மட்டும். அந்தப் பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மூடி அனுப்பிவிட வேண்டும். அன்று ஒரு விடுதியில் பெட்டி விளிம்புவரை நிறைந்து கிடந்தது. மூடியில்லாத ஊசி ஒன்று கறுப்புப் பைக்குள் போயிருந்தது. பையைத் தூக்கும்போது அது மெல்லிய கையுறையைத் துளைத்து என் பெருவிரலின் அடியில் இறங்கியது. சிரிஞ்சில் இரத்தம் தெரிந்தது. பையில் விடுதியின் பெயரோ திகதியோ எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தச் சிறு எழுத்து இல்லாததன் விலை எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

கூட வேலை செய்த அக்கா பதறிப்போய் விரலை அழுத்தி இரத்தத்தைப் பிதுக்கப் பார்த்தார். இன்னொருவர் ஸ்பிரிட் போத்தலோடு ஓடிவந்தார். இரண்டும் வேண்டாம் என்று தடுத்தவர் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தாதி. ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவினால் போதும், பிதுக்குவதாலும் எரியும் மருந்து ஊற்றுவதாலும் பயனில்லை, தசைக்குத்தான் சேதம் என்றார். கழுவிக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்ன இன்னொரு சொல்லை நான் என்றும் மறக்க மாட்டேன்: "பிள்ளை, கட்டுப் போடுவதற்கு முன்னால் இதை எழுதிவிடுவோம்."

அந்தப் பதிவு சுலபமாக நடக்கவில்லை. ஊசிக்குத்துகளைப் பதியும் புத்தகம் வைத்தியசாலை ஊழியர்களுக்கானது என்றும், நான் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பதால் அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்றும் அலுவலகத்தில் சொன்னார்கள். நியமனக் கடிதத்தைக் கேட்டார்கள். நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அண்ணையோ, "இதையெல்லாம் எழுதினால் அடுத்த மாதம் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், சின்னக் காயம்தானே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, அவருடைய வேலையும் ஒப்பந்தத்தில்தான் தொங்குகிறது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று என் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருந்திருக்காது. தாதி விடவில்லை. குத்தியது இந்த வைத்தியசாலையின் ஊசி, குத்திய இடம் இந்த வைத்தியசாலை, ஆகவே இந்தப் புத்தகத்தில்தான் வரும் என்று சொல்லி, நேரம், இடம், ஊசியின் வகை, இரத்தம் இருந்ததா, நான் என்ன கையுறை போட்டிருந்தேன், பார்த்தவர்கள் யார் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையொப்பமும் வைக்கச் செய்தார். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு போன ஒவ்வோர் இடத்திலும் முதலில் கேட்கப்பட்டது அந்தப் படம்தான்.

அன்றே மாங்குளம் சந்திக்கு வந்து, ஏ-9 வீதியில் பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்குப் போனேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் அதை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது, முதல் சில மணித்தியாலங்களே மிகச் சிறந்தவை. நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பதற்கு இது இடம் தராது. எங்கள் பக்கத்தில் பின்னேர பஸ் தவறினால் ஓர் இரவே போய்விடும்.

அங்கே டொக்டர் பயமுறுத்தாமல் கணக்காகச் சொன்னார். ஊசி பட்ட நோயாளிக்கு நோய் இருந்தால் எனக்குத் தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.க்கு ஆயிரத்தில் மூன்று அளவில், ஹெபடைடிஸ் சி-க்கு நூறில் இரண்டு அளவில். தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி மட்டும் நூறில் முப்பது வரை போகலாம். நான் எயிட்ஸ் என்ற ஒரு சொல்லுக்கே நடுங்கிக்கொண்டிருந்தேன். உண்மையில் அஞ்ச வேண்டியது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்குத்தான்.

ஊசி யாருடையது என்று தெரிந்தால் அவரது சம்மதத்தோடு இரத்தம் சோதித்துப் பார்த்திருப்பார்கள். நோய் இல்லை என்று வந்திருந்தால் மாத்திரைக்கே அவசியம் இருந்திருக்காது. பெயர் எழுதாத பை என்பதால் அந்த வழி அடைபட்டது. உள்ளே துளையுள்ள ஊசி, கண்ணுக்குத் தெரியும் இரத்தம் என்ற இரண்டையும் வைத்து 28 நாள் மாத்திரை எடுக்கச் சொன்னார். நம் நாட்டில் எச்.ஐ.வி. மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னார். முடிவை என்னோடு பேசித்தான் எடுத்தார், அந்த மரியாதைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் அது 2003இல்தான் சேர்க்கப்பட்டது. நான் அதற்கு முன்னே பிறந்தவள். எங்கள் வைத்தியசாலையில் நிரந்தர ஊழியர்களுக்கு வேலையில் சேரும்போது அதைப் போட்டிருந்தார்கள். அதே பைகளை, அவர்களைவிட அதிகமாகத் தூக்கும் எங்களிடம் ஒருவரும் கேட்டதே இல்லை. அன்றே முதல் ஊசியைப் போட்டார்கள். உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் அங்கு கையிருப்பில் இல்லாததால் வேறிடத்திலிருந்து எடுப்பித்து மற்றக் கையில் போட்டார்கள். அதை 24 மணித்தியாலத்துக்குள் போடுவதே நல்லது, ஏழு நாட்களைத் தாண்டினால் பயன் சந்தேகம். அடுத்த ஊசிகள் ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும்.

மாத்திரை எடுத்த காலம் சிரமமானது. காலையில் குமட்டல், தலையிடி, சோற்றின் மணமே பிடிக்கவில்லை. உடல் இளைத்தால் ஊரில் கதை வரும். மருந்து தரும் இடம் பாலியல் நோய்க்கான கிளினிக் என்பதால் வாசலில் யாராவது தெரிந்தவர் கண்டால் என்ன நினைப்பார் என்ற அச்சமும் இருந்தது. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் கஞ்சி வைத்துத் தந்தார். கிளினிக்கில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் இலக்கத்தால் அழைத்தார்கள், விவரம் எதுவும் வேலைத்தளத்துக்குப் போகாது என்று உறுதி தந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டால் பலர் துணிந்து போவார்கள். பரிசோதனைகள் முடியும்வரை இரத்ததானம் செய்யக் கூடாது, கணவன் மனைவி ஆணுறை பயன்படுத்த வேண்டும் என்பதையும் அங்குதான் சொன்னார்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் வரக் கூடாத விடயங்கள் இவை.

கிளினிக்குக்குப் போன நாட்களுக்குச் சம்பளம் வெட்டப்பட்டது. வவுனியாவில் தொழில் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அது தொழிற்சாலைகளுக்கானது, வைத்தியசாலை விடுதிக்குள் வராது என்றார்கள். ஆனால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின் காரணமாக, வேலையின்போது ஏற்படும் விபத்தைப் பார்க்கிறது. ஆகவே விபத்தை எழுத்தில் முதலாளிக்கு அறிவித்து, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். சம்பளச் சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம் கழிக்கப்பட்டிருந்தது. யாரிடம் வேலை செய்கிறேன் என்பதற்கு அந்தச் சிட்டையே சாட்சி, எறிந்துவிடாதீர்கள் என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய பாடம். கடிதத்தைக் கொடுத்த பிறகு வெட்டிய சம்பளத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று செய்த பரிசோதனைகள் அனைத்திலும் தொற்று இல்லை. தடுப்பூசி முடிந்தபின் எதிர்ப்புச் சக்தியின் அளவையும் பார்த்தார்கள், பத்துக்கு மேல் இருந்தால் போதும் என்றார்கள், எனக்கு அது தாராளமாக இருந்தது. அந்தத் தாதி இப்போது ஒப்பந்தப் பெண்களின் பட்டியலைத் தானே எழுதி வைத்து, புதிதாக வருபவர்களை முதல் வாரத்திலேயே தடுப்பூசிக்கு அனுப்புகிறார். பைகளில் விடுதியின் பெயர் எழுதாவிட்டால் நாங்கள் தூக்குவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து சொல்லியிருக்கிறோம், பொறுப்புத் தாதிமார் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். தடித்த இறப்பர் கையுறையும் மூடிய சப்பாத்தும் இன்னும் வரவில்லை. நோயாளியைத் தொடுவதற்கான மெல்லிய கையுறையோடுதான் இப்போதும் குப்பை தூக்குகிறோம். அடுத்த ஒப்பந்தம் கையொப்பமாகும் முன் அந்த இரண்டையும் நிபந்தனையாகச் சேர்க்கக் கேட்டு வைத்தியசாலைக்கும் நிறுவனத்துக்கும் கடிதம் கொடுத்திருக்கிறோம். இம்முறை பிரதிகளில் இரு பக்கத்துக் கையொப்பமும் வாங்கியிருக்கிறோம்.