முரசு வைத்தியத்தில் வீணாய்ப் போன ஒரு புதன்கிழமை

திருக்கோவிலில் விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, அக்கரைப்பற்றில் பஸ் மாறி, கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனில் இறங்கினேன். அங்கே பல் கிளினிக்கில் அன்றைக்கு எனக்கு முரசுச் (பல் ஈறு) சத்திரசிகிச்சை. நம்பர் எடுத்துக் காத்திருந்து என் முறை வரும்போது பத்தரை மணி.

"சீனி ரிப்போர்ட் எங்க தம்பி?" என்று கேட்டார் துண்டு வாங்குகிறவர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துண்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அதில் திகதியும் நேரமும் மட்டும்தான் இருந்தது. "முரசு திறக்கிற ஆக்களுக்கு அது இல்லாம ஏலாது. அடுத்த கிளினிக்குக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த ஆளின் துண்டை வாங்கிவிட்டார். அடுத்த திகதி மூன்று கிழமை கழித்து. பள்ளிக்கூடத்தில் லீவு போட்டு வந்தவன், வெறுங்கையோடு திரும்பினேன்.

ரிப்போர்ட் கேட்டது பிழையில்லை. இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் முரசு வருத்தமும் கூடும், புண்ணும் சுணங்கித்தான் ஆறும். அதை ஒரு மாதத்துக்கு முன்னம் அந்தத் துண்டில் ஒரு வரியில் எழுதிவிட்டிருக்கலாம் என்பதுதான் என் கோபம். எந்தக் கிளினிக்காக இருந்தாலும், முரசுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி தரும்போதே "என்னென்ன ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும்?" என்று நீங்களாகக் கேளுங்கள். எக்ஸ்ரே படத்தையும் மறக்க வேண்டாம்.

சத்திரசிகிச்சை வரை போனதற்குக் காரணம் ஒரேயொரு பல். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது என்று முதலில் ஊருக்குக் கிட்ட ஒரு இடத்தில் காசு கொடுத்துப் பல் கிளீன் பண்ணினேன். கண்ணாடியில் பார்க்கப் பல் பளபளவென்று இருந்தது. ஆறு மாதமாகச் சுகம் என்றே நினைத்திருந்தேன். அங்கே முரசுக்கு மேலே தெரிகிற காரையை, அதாவது பல்லில் கல்லாய் இறுகிப்போன அழுக்கைத்தான் எடுத்திருக்கிறார்கள். முரசுக்கும் பல்லுக்கும் நடுவில் கீழே இடைவெளி எவ்வளவு ஆழம் என்று அளக்கவே இல்லை.

மட்டக்களப்பில் டொக்டர் அம்மா முதலில் செய்ததே அளப்பதுதான். மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பி, ஒரு பல்லுக்கு ஆறு இடம். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினார். மூன்று வரை பயமில்லையாம். எனக்கு ஐந்து, ஆறு என்று போய், மேல் வலப்பக்கத்தில் வேட்டைப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற பல்லில் ஏழு.

விறைப்பு ஊசி போட்டு இரண்டு தடவையாக வேரைச் சுத்தம் செய்தார். முதலில் மிசின், பிறகு கையால் கரண்டி மாதிரி வளைந்த ஆயுதம். வேரில் அது இழுபடும் சத்தம் தாடை எலும்பு வழியாகக் காதுக்குள் கேட்கும். முதலில் மணலில் சிரட்டையைத் தேய்க்கிற மாதிரி கரகரப்பு. ஒரு பத்து இழுவைக்குப் பிறகு அந்தக் கரகரப்பு மெல்ல அடங்கியது. "இப்ப கேட்டீங்களா? காரை போயிட்டுது" என்றார்.

வேருக்கு மிளிரி (பல்லின் மேலே இருக்கிற கடினமான வெள்ளைப் படை) இல்லை, மெல்லிய சீமெந்துப் படைதான். அதில் ஒட்டிய காரை சொரசொரப்பானது. வாவிக் கல்லில் பாசி பிடிப்பது போல அதில் கிருமிப் படலம் குடியிருக்கும். முன்பெல்லாம் அந்தச் சீமெந்துப் படையையே சுரண்டி, வேரைக் கண்ணாடி போல ஆக்க வேண்டும் என்று நினைத்தார்களாம். கிருமியின் நஞ்சு மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கிறது என்று பிறகு தெரிய வந்ததால், இப்போது காரை போனதும் கையை எடுத்துவிடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சிச் சுரண்டினால் பல் கூசும். எனக்குக்கூட இரண்டு கிழமை குளிர்தண்ணீர் குடிக்க முடியவில்லை. பயப்பட வேண்டாம், அது குறையும்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப அளந்தபோது எல்லா இடமும் மூன்று, நான்குக்கு வந்துவிட்டது. அந்த ஒரு பல் மட்டும் ஆறில் நின்றது. அந்தப் பல்லின் வேரில், வேட்டைப் பல்லைப் பார்த்த பக்கத்தில், ஒரு பள்ளம் ஓடுகிறது. இது என் குறை இல்லை, அந்தப் பல்லின் வாகே அப்படித்தான். ஆயுதம் பள்ளத்தின் இரு கரையிலும் படும், அடிக்குப் போகாது. அதனால்தான் முரசைத் திறந்து கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது.

என் தம்பி என்னைவிட மோசமாகப் பல் துலக்குகிறவன், அவனுக்கு ஒன்றுமில்லையே என்று மனம் நொந்து கேட்டேன். மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970 முதல் 15 வருடம் பார்த்த ஆய்வைச் சொன்னார். எல்லோருக்கும் பல் நிறையக் காரை. ஆனால் 8 வீதமானவர்களுக்கு வருத்தம் வேகமாக ஓடியது, 81 வீதத்துக்கு நடுத்தரம், 11 வீதத்துக்கு முரசு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. என் மனம் கொஞ்சம் ஆறியது.

சத்திரசிகிச்சை ஒரு மணித்தியாலம், ஒரு கிழமையில் தையல் எடுத்தார்கள். அவ்வளவுதான்.

இப்போது வேலையெல்லாம் வீட்டில்தான். பல்லிடுக்கு நூல் அந்தப் பள்ளத்துக்கு மேலே பாலம் மாதிரி இழுபட்டுப் போகும், உள்ளே இறங்காது. அதற்குப் போத்தல் கழுவுகிற பிரஷ் போன்ற குட்டிப் பல்லிடுக்குப் பிரஷ்தான் சரி. அக்கரைப்பற்றில் இரண்டு பாமசியில் இல்லை, கல்முனையில் கிடைத்தது. அளவைக் கிளினிக்கிலேயே வாயில் போட்டுப் பார்த்து எழுதிக் கொண்டு போங்கள். நான் முதலில் வாங்கிய பக்கெட் தடிப்புக் கூடி உள்ளே நுழையவே இல்லை.

போன மாதம் அந்தப் பல்லை அளந்த டொக்டர் அம்மா "மூன்று" என்றார். நர்ஸ் எழுதுவதை எட்டிப் பார்த்துக் கொண்டேன்.