அதே முகவரி, மறுபடியும்

மார்ச் 3

இன்றிலிருந்து எனக்கு வண்டி டியூட்டி இல்லை. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸை அடிக்கடி கூப்பிடுகிறவர்களின் பழைய பதிவுகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நானாகக் கேட்டு வாங்கிய வேலை. முகவரி திரையில் வந்ததுமே "மறுபடியும் அவரா?" என்று யாராவது சலித்துக்கொள்வதைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். அந்தச் சலிப்பைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கும். நெஞ்சு வலிக்கிறது என்று பலமுறை கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று ஆனவருக்கும் மாரடைப்பு வரும். "வழக்கமான ஆள்தானே" என்று அன்றைக்கு ஈசிஜி எடுக்காமல் விட்டால் அவர் கதை முடிந்தது.

பிரிட்டனில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 18 வயது நிரம்பிய ஒருவர் வீட்டிலிருந்து மாதத்தில் 5 முறையோ, மூன்று மாதத்தில் 12 முறையோ, அதற்கு மேலோ அழைத்தால் அவரைத் தனியாகக் கவனிக்கிறார்கள். நானும் அதையே வைத்துப் பட்டியல் எடுத்தேன்.

மார்ச் 5

ஒரே வீட்டின் அழைப்புகளை வரிசையாக அடுக்கிப் படித்தேன். வயதானவர் கீழே விழுந்துவிட்டார் என்று மனைவி கூப்பிடுகிறார். ஒவ்வொரு தாளிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: "காயம் இல்லை. தூக்கி உட்கார வைத்தோம். மருத்துவமனைக்கு வர மறுத்துவிட்டார்." ஒவ்வொரு முறையும் போனது வேறு வேறு ஆட்கள். அவரவர் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எல்லா அழைப்பும் நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில் வந்திருக்கின்றன. தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அது கண்ணில் படுகிறது.

மார்ச் 6

நேரில் போனேன். "தம்பி, நாங்க உங்களை ரொம்பத் தொந்தரவு பண்றோம்னு தெரியுது. என்னால இவரைத் தனியாத் தூக்க முடியலையே" என்றார் அந்த அம்மா. விழுந்தவரைவிட அவர்தான் அதிகம் கூனிக் குறுகிப்போயிருந்தார்.

பெரியவரைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன்: மேல் அளவு 138. எழுப்பி நிற்க வைத்து, கட்டிலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டாவது நிமிடம் மறுபடி பார்த்தேன்: 104. "கண்ணு இருட்டுது தம்பி" என்றார். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்க வேண்டும், இவருக்கு 34. மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தால், பிரஷர் மாத்திரையோடு புராஸ்டேட் மாத்திரையும் சேர்ந்து இரவில் போகிறது. அந்த மாத்திரையும் அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. நீர் பிரியும் மாத்திரை மாலையில். ராத்திரி சிறுநீருக்கு எழுகிறார், நிற்கிறார், தலை சுற்றி விழுகிறார். மூன்று மருந்தையும் எழுதிக்கொண்டு அவருடைய டாக்டரிடம் பேசினேன். நாளைக்கே பார்ப்பதாகச் சொன்னார்.

மார்ச் 10

நுரையீரல் அடைப்பு நோய் உள்ள அம்மா ஒருவர். மூச்சுத் திணறலுக்குப் பயம் சேர்கிறது, பயத்தால் திணறல் இன்னும் கூடுகிறது. இன்ஹேலரைப் போட்டுக் காட்டச் சொன்னேன். மருந்து பீய்ச்சிய பிறகுதான் மூச்சை இழுக்கிறார். மருந்தெல்லாம் தொண்டையோடு நின்றுவிடுகிறது. இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்துப் பழக்கினோம். இத்தனை முறை நெபுலைசர் வைத்தவர்கள் நடுவில் யாருமே இன்ஹேலரைப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை.

மார்ச் 14

பெரியவர் வீட்டிலிருந்து அழைப்பு இல்லை. பட்டியலில் இருந்த வேறு பலரின் அழைப்புகளும் குறைந்திருக்கின்றன. "உன் வேலை பலிக்குது" என்று தட்டிக்கொடுத்தார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேரை நான் இன்னும் பார்க்கக்கூட இல்லை!

கேம்டன் விஷயத்தைச் சொன்னேன். அமெரிக்காவில் நியூஜெர்சியின் கேம்டன் நகரில் ஜெஃப்ரி பிரென்னர் என்ற மருத்துவர், திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வருகிறவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் திட்டத்தை ஆரம்பித்தார். பெரிய பெயர் கிடைத்தது. பிறகு 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். முடிவு 2020 ஜனவரியில் வெளியானது. 180 நாளுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், கவனிப்பு பெற்றவர்களில் 62.3 சதவீதம், பெறாதவர்களில் 61.7. மிக மோசமான கட்டத்தில் ஒருவரைப் பிடித்துப் பட்டியலில் சேர்த்தால், பலருக்குத் தானாகவே கொஞ்சம் தணியும். முன்னே இத்தனை, பின்னே இத்தனை என்று மட்டும் காட்டுகிற கணக்கை நம்பக்கூடாது. அதற்காக வேலையை விடச் சொல்லவில்லை. பெரியவருக்கு எழுந்து நின்றதும் அழுத்தம் இறங்கியது நிஜம், மருந்து மாறியதும் நிஜம்.

மார்ச் 19

இன்னும் பிடிபடாதவர் ஒருவர். தனியாக இருக்கிறார். விரல் மரத்துப்போகிறது, நெஞ்சு அடைக்கிறது என்பார். பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டால் விரல் மரத்துப்போகும், அது நடிப்பில்லை. வழக்கமாக அவர் கூப்பிடுகிற நேரத்துக்கு முன்னால் எங்கள் நர்ஸ் ஒருவர் தாமாகவே போன் செய்வது என்று முடிவு செய்தோம். மனநல மருத்துவரைப் பார்க்கச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவர் இன்னும் தலையாட்டவில்லை.

மார்ச் 27

கூட்டம். அடிக்கடி அழைப்பவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். கடுமையாக மறுத்தேன். விளையாட்டுக்குக் கூப்பிட்டு ஏமாற்றுகிறவன் வேறு, கணவரைத் தூக்க முடியாமல் கூப்பிடுகிற அம்மா வேறு. கடிதம் போனால் அந்த அம்மாதான் முதலில் கூப்பிடுவதை நிறுத்துவார்.

நான் கேட்டது இரண்டு. ஒரு முகவரியின் பழைய அழைப்புகள் வண்டியில் இருப்பவர் திரையில் தெரிய வேண்டும். விழுந்தவர் எழுந்து நிற்கக்கூடிய நிலையில் இருந்தால் படுத்தும் நின்றும் அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். இரண்டாவதற்கு உடனே சரி சொல்லிவிட்டார்கள். முதலாவதற்கு மென்பொருளில் மாற்றம் வேண்டுமாம். அதுவரை அந்த வரலாற்றை நானே அச்செடுத்து ஷிப்ட் மாறும்போது கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.