கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் மட்டும் இல்லை

பேக்கப் எடுப்பதை நானே நினைவில் வைத்துச் செய்வது எனக்கு ஒத்துவராது. இரண்டு வாரம் ஒழுங்காக நடக்கும், அப்புறம் இரண்டு மாதம் மறந்துபோகும். அதனால் லினக்ஸ் மடிக்கணினியின் தலையிலேயே அந்த வேலையைக் கட்டினேன். நேரம் பார்த்துத் தொடங்க கிரான், மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்க 1996இல் வெளிவந்த ஆர்சிங்க். இரண்டும் பழைய ஆட்கள்தான்.

கிரான் படிக்கும் அட்டவணைக் கோப்பான கிரான்டேபில் ஒரே வரி. தொடக்கத்தில் 30 2 * * *, அதாவது தினமும் அதிகாலை 2:30. பின்னால் ஆர்சிங்க் கட்டளை. நகல் அன்றைய தேதிப் பெயருள்ள கோப்புறைக்குள் போக, நடுவில் அடைப்புக்குறிக்குள், தேதியைத் தரும் டேட் கட்டளை. டெர்மினலில் நானே தட்டிப் பார்த்தபோது பிசகில்லாமல் ஓடியது. காலையில் பார்த்தால் வெளி வட்டு காலி.

பாதி நாளைத் தின்றது % குறி. டேட்டிடம் வருடம், மாதம், நாள் கேட்க அது வேண்டும். கிரான்டேபிலோ வெறும் % வந்த இடத்திலேயே கட்டளை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை உள்ளீடாகத் தள்ளிவிடுகிறது. அடைப்புக்குறி மூடாத அரைக் கட்டளையை, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் ஏற்குமா? பிழைச் செய்தியை கிரான் மின்னஞ்சலில்தான் அனுப்பும். என் கணினியில் அஞ்சல் ஏற்பாடே இல்லை, செய்தியும் போன இடம் தெரியவில்லை.

ஒவ்வொரு % முன்னாலும் \ போட்டால் போதும். நான் எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைக் கோப்பில், போட்டு, கிரான்டேபில் அதன் முழுப் பாதையை மட்டும் வைத்தேன். வெளியீடு, பிழை இரண்டும் இப்போது ஒரு பதிவுக் கோப்புக்குப் போகின்றன.

அடுத்த அடி பெரியது. ஒரு ராத்திரி வெளி வட்டை மவுண்ட் செய்ய, அதாவது ஒரு கோப்புறையில் இணைக்க, மறந்துவிட்டேன். வட்டு இல்லாவிட்டாலும் மவுண்ட் ஆகும் கோப்புறை இருக்கிறதே, ஆர்சிங்க் கேள்வி கேட்காமல் அதற்குள் எழுதியது. ஒப்பிட முந்தைய நாள் நகலும் அங்கே இல்லாததால் எல்லாவற்றையும் முழுசாக எழுதி, உள் வட்டை நிரப்பிவிட்டது. காலையில் வட்டை மவுண்ட் செய்த பிறகு தேடினேன்; அந்தக் கோப்புகள் கண்ணில் படவே இல்லை. வட்டு அவற்றின் மேல் போர்வை போல உட்கார்ந்திருந்தது! மவுண்டை எடுத்த பிறகுதான் அழிக்க முடிந்தது. இப்போது வட்டு மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று ஸ்கிரிப்டின் முதல் வரியே பார்க்கிறது, இல்லையென்றால் நின்றுவிடுகிறது.

2:30க்குக் கணினி அணைந்திருந்தால் கிரான் அந்த வேலையைப் பிறகு ஈடுகட்டாது. அதனால் கடைசியில், கிரானைப் போலவே நேரம் பார்த்து வேலையைத் தொடங்கும் சிஸ்டம்டி டைமருக்கு மாறி, விட்டுப்போன வேலையை அடுத்து இயங்கும்போது ஓட்டும் அமைப்பை வைத்தேன்.

நேற்று மூன்று நாள் பழைய கோப்பு ஒன்றை மீட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மாறாத கோப்புகள் நாளுக்கு நாள் ஹார்டு லிங்காகவே, அதாவது ஒரே கோப்புக்கு இன்னொரு பெயராகவே, இருப்பதால்தான் இடம் மிச்சம். பேக்கப்புக்குள்ளேயே கோப்பைத் திறந்து அதே இடத்தில் திருத்திச் சேமித்தால், அது எத்தனை நாள் நகலில் இருக்கிறதோ அத்தனையிலும் மாறிவிடும். அதனால் கோப்பை வெளியே நகலெடுத்துத்தான் திறக்கிறேன்.